தட்டணுவும் பிளாஸ்மாவும்: தேவையறிந்து தரும் மருந்து

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழை புதுச்சேரியை நனைக்கத் தொடங்கியதும், மழையோடு கூடவே காய்ச்சலும் ஊருக்குள் வந்துவிடுகிறது. அடுத்த சில நாள்களில் நம் கல்லூரி வாயிலில் உறவினர் எவரேனும் பதற்றத்தோடு வந்து நிற்பர். “தட்டணு இறங்கிக்கொண்டே போகிறது, குருதி கொடுக்கப் பிள்ளைகள் வேண்டும்” என்பது அவர்தம் வேண்டுகோளாக இருக்கும்.

அத்தகைய மழைக்கால இரவொன்றில் நாமும் மாணவர் எண்மரோடு ஒரு மருத்துவமனைக்குச் சென்றோம். டெங்குக் காய்ச்சலுற்றுப் படுத்திருந்த இளைஞனின் தட்டணு எண்ணிக்கை 24,000 எனத் தாளில் எழுதப்பட்டிருந்தது. அவனுடைய பாட்டனார், “டாக்டர் ஐயா, குருதி கொடுக்க இத்தனை பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். இன்னும் ஏன் ஏற்றாமல் இருக்கிறீர்கள்?” என்று குரல் உயர்த்திக் கேட்டார். பணியிலிருந்த மருத்துவர் இளையவர். ஆயினும் பொறுமையுடன் விடையளித்தார். “பெரியவரே, தாளில் உள்ள எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பிள்ளைக்கு எங்கும் குருதி கசியவில்லை. நாடித்துடிப்பு சீராக இருக்கிறது, சிறுநீர் பிரிகிறது. இப்போது அவனுக்கு வேண்டியது தட்டணு அன்று. அளவறிந்து கொடுக்கும் நீர்தான்.” பெரியவருக்கு மனம் ஆறவில்லை. நமக்கும் அன்று அது முழுமையாக விளங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருக்கும் மருந்தை ஏன் தர மறுக்கிறார்கள்? யாருக்கு அது உயிர் மருந்து? யாருக்கு அது வேண்டாதது? இவ்வினாக்களுக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை. மருத்துவர்க்குக் கற்பிக்க நாம் முற்படவில்லை. நோயாளியின் அருகில் நிற்கும் உறவினரும் மாணவரும் அறியத்தக்கவற்றை எளிய முறையில் தொகுத்துரைப்பதே நம் நோக்கம்.

குருதியின் கூறுகள்

குருதி ஒரே பொருளாகத் தோன்றினும் பல கூறுகளின் சேர்க்கையே ஆகும். அதனை ஒரு கண்ணாடிக் குழாயில் உறையாமல் வைத்துச் சுழற்றினால் அடுக்கடுக்காகப் பிரிகிறது. அடியில் சிவப்பணுக்கள் தங்கும். அவற்றின் மேல் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் மெல்லிய படலமாக அமையும். எல்லாவற்றிற்கும் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்கும் நீர்மமே பிளாஸ்மா.

குருதியில் ஏறத்தாழ 55 விழுக்காடு பிளாஸ்மாவே. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். எஞ்சிய சிறு பங்கில்தான் அதன் சிறப்பெல்லாம் அடங்கியிருக்கிறது. குழாய்களுக்குள் நீரை இருத்தி வைக்கும் அல்புமின், நோயை எதிர்க்கும் குளோபுலின்கள், குருதியை உறையச் செய்யும் ஃபைப்ரினோஜன் முதலிய காரணிகள் ஆகியன அப்பங்கில் உள்ளன.

தட்டணுக்கள் மிகச் சிறியவை. எலும்பு மச்சையிலுள்ள பேரணுக்களிலிருந்து உதிரும் துணுக்குகளே இவை. ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருப்பது இயல்பு. இவற்றின் வாழ்நாள் ஏழு முதல் பத்து நாள்களே. குழாயில் கிழிசல் ஏற்பட்டால் முதலில் ஓடிச்சென்று ஒட்டிக்கொண்டு அடைப்பவை இவையே. பின்னர் பிளாஸ்மாவின் காரணிகள் வலை பின்னி அவ்வடைப்பை உறுதியாக்குகின்றன. கரை உடையும்போது முதலில் மணல்மூட்டை போடுவோரைத் தட்டணுக்கள் என்றும், பின்னர்க் கல்லடுக்கிக் கட்டுவோரை உறைதற்காரணிகள் என்றும் கொள்ளலாம். எவர் குறைந்தார் என்று அறியாமல் எவரையோ அனுப்பினால் கரை நிற்காது.

பழைய வரலாறு சில

நுரையீரல் வழியே குருதி சுழல்வதை 13ஆம் நூற்றாண்டிலேயே அறிஞர் இப்னு நஃபீஸ் விளக்கியுள்ளார். ஆயினும் ஒருவர் குருதியை மற்றொருவர்க்கு ஏற்றும் முயற்சி மிகப் பின்னரே தோன்றியது. 1667இல் பாரிசில் மருத்துவர் ழான் பாப்திஸ்த் தெனி ஆட்டுக்குட்டியின் குருதியை மனிதர்க்கு ஏற்றிப் பார்த்தார். நோயாளி ஒருவர் இறக்கவே வழக்கு எழுந்தது. பிரான்சில் அம்முறையே தடைப்பட்டது. ஆர்வம் மிக்கிருந்தும் அறிவு போதாமையால் நேர்ந்த கேடு அது. 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் குருதி வகைகளைக் கண்டறிந்து வெளியிட்ட பின்னரே இவ்வழி பாதுகாப்பானதாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது எட்வின் கோன் பிளாஸ்மாவிலிருந்து அல்புமின் முதலியவற்றைத் தனித்தனியே பிரிக்கும் முறையை வகுத்தார்.

பிரெஞ்சு நாட்டோடு பிணைந்திருந்த நம் நகருக்கும் இம்மருத்துவ வரலாற்றில் பங்குண்டு. 1823இல் பிரெஞ்சு ஆட்சியாளர் இங்கு ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினர். அதன் வழித்தோன்றலாக 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி உருவாயிற்று. 1964இல் அது ஜவாகர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமாக உயர்ந்தது. இன்று எல்லோரும் ‘ஜிப்மர்’ என்றழைக்கும் கோரிமேட்டு மருத்துவமனை இதுவே. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டு முதன்மை பெற்ற நிறுவனமாக இது அறிவிக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வந்து குவியும் இடம் அது. குருதியேற்றலுக்கென்றே தனித்துறை அங்கு இயங்குகிறது. வரும் கூட்டத்தின் அளவை எண்ணினால், ஒவ்வொரு பையும் எத்துணை அருமையானது என்பது விளங்கும்.

பிரித்தலும் பேணலும்

கொடையாளர் ஒருவரிடமிருந்து ஒருமுறை 350 அல்லது 450 மில்லிலிட்டர் குருதி பெறப்படுகிறது. மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி அதனைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என மூன்று பைகளாகப் பிரிக்கின்றனர். ஆகவே ஒருவர் கொடை மூவர்க்குப் பயன்படலாம்.

மூன்றையும் பேணும் முறை வேறு வேறு. சிவப்பணுக்களை 2 முதல் 6 பாகை வெப்பநிலையில், பையிலுள்ள காப்புக் கரைசலுக்கேற்ப 35 அல்லது 42 நாள்கள் வரை வைக்கலாம். பிளாஸ்மாவைச் சில மணி நேரத்திற்குள் உறையவைத்து, சுழியத்திற்குக் கீழ் 30 பாகையில் ஓராண்டு வரை பேணலாம். தட்டணுக்களோ குளிர்ப்பெட்டியில் வைக்கத் தகாதவை. 20 முதல் 24 பாகையில், ஓயாது மெல்ல ஆடிக்கொண்டிருக்கும் தட்டுகளில் வைக்க வேண்டும். அவ்வாறு வைத்தாலும் பொதுவாக ஐந்து நாள்களே பயன்படும். குளிரின்றி வைக்கப்படுவதால் அவற்றில் நுண்ணுயிர் பெருகும் இடரும் சற்று மிகுதி. இந்த ஐந்து நாள் கணக்கை வாசகர் நினைவில் இருத்துக. பின்னர் இதற்குத் திரும்புவோம்.

தட்டணுவை இருவகையில் பெறலாம். பலர் கொடுத்த குருதிப் பைகளிலிருந்து பிரித்தெடுப்பது ஒன்று. இவ்வாறு பிரித்த பையொன்று, பெரியவர் ஒருவரின் எண்ணிக்கையை ஏறத்தாழ 5,000 முதல் 10,000 வரை உயர்த்தும். எனவே நான்கு முதல் ஆறு பைகள் ஒருங்கே தேவைப்படும். கொடையாளர் ஒருவரையே ‘அஃபெரசிஸ்’ இயந்திரத்தோடு இணைத்து, தட்டணுவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை அவர் உடலுக்கே திருப்பிவிடுவது மற்றொன்று. இதற்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். இவ்வகைப் பை ஒன்றே 30,000 முதல் 60,000 வரை எண்ணிக்கையை உயர்த்தவல்லது.

தட்டணு யாருக்கு உயிர் மருந்து?

இரத்தப் புற்றுநோயாளர்க்குத் தட்டணு ஏற்றுதல் கிட்டாத காலம் ஒன்றிருந்தது. அந்நாளில் அவர்களுட் பலர் குருதிக்கசிவாலேயே மடிந்தனர். எலும்பு மச்சையை நோய் தாக்குகிறது. நோயை அழிக்கத் தரும் மருந்தும் மச்சையைச் சில காலம் முடக்குகிறது. அவ்விடைவெளியில் அவர்களைத் தாங்கி நிற்பது பிறர் தட்டணுவே. எண்ணிக்கை குறையக் குறையக் குருதிக்கசிவு கூடுவதை 1962இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு தெளிவாக்கியது. முன்னர் 20,000க்குக் கீழ் இறங்கினாலே முன்னெச்சரிக்கையாக ஏற்றினர். 1997இல் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, அவ்வெல்லையை 10,000ஆகக் குறைத்தாலும் கடுங்கசிவு கூடுவதில்லை எனக் காட்டியது. அன்றுமுதல் உலகெங்கும் அவ்வெல்லையே பெரிதும் பின்பற்றப்படுகிறது. காய்ச்சல், அறுவை, கசிவு முதலியன இருப்பின் எல்லையை மருத்துவர் உயர்த்திக்கொள்வர்.

இனி டெங்குவுக்கு வருவோம். இங்கேதான் மக்களிடையே தவறான எண்ணம் மிகுந்துள்ளது. டெங்குவில் தட்டணு குறைவது உண்மை. ஆயினும் உயிருக்குப் பெருங்கேடு விளைவிப்பது அக்குறைவன்று. காய்ச்சல் தணியும் நாள்களில், அதாவது பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து அவற்றின் வழியே பிளாஸ்மா வெளியே கசிகிறது. குழாய்க்குள் நீர் குறைய, குருதி கெட்டிப்படுகிறது, அழுத்தம் வீழ்கிறது, உறுப்புகள் வாடுகின்றன. ஆகவே மருத்துவர் கூர்ந்து நோக்குவது தட்டணுவை மட்டுமன்று; குருதியின் செறிவைக் காட்டும் ஹெமட்டோகிரிட், நாடி, அழுத்தம், சிறுநீரின் அளவு ஆகியவற்றையுமே. இதற்கு மருந்து, அளந்து அளந்து தரும் உப்புநீரே. கசிவு நின்ற ஓரிரு நாள்களில் தட்டணுக்கள் தாமாகவே ஏறத் தொடங்கும்.

சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் நடைபெற்ற ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. தட்டணு 20,000 அல்லது அதற்குக் கீழ் இறங்கியும் கசிவில்லாத டெங்கு நோயாளிகள் 372 பேர் அதில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றப்பட்டது, மற்றவர்க்கு ஏற்றப்படவில்லை. குருதிக்கசிவைத் தடுப்பதில் ஏற்றியவர்க்குக் குறிப்பிடத்தக்க நன்மை கிட்டவில்லை. மாறாகப் பக்கவிளைவுகள் அவர்களிடையே 13 என்றும் ஏற்றாதவரிடையே 2 என்றும் பதிவாயின. ஒவ்வாமை, நடுக்கம், நுரையீரலில் நீர் கோத்தல் ஆகியன குருதிப் பொருள்களோடு வரக்கூடியவை. நம் நாட்டு வழிகாட்டு நெறிகளும், கசிவில்லாதபோது 10,000க்குக் கீழ் இறங்கினால் மட்டுமே முன்னெச்சரிக்கையாக ஏற்றலாம் என்கின்றன. கசிவு உண்டாயின் நிலை வேறு. அப்போது தட்டணு காலந்தாழ்த்தாது தரப்படும்.

எனவே உறவினர் கவனிக்க வேண்டிய குறிகள் இவை: கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் குருதி, கருநிற மலம், சோர்ந்து மயங்குதல் அல்லது நிலைகொள்ளாது புரளுதல், சிறுநீர் குறைதல். இவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்றவை குருதிக்கசிவைக் கூட்டுமாதலின் தவிர்க்கத்தக்கவை.

பிளாஸ்மா யாருக்கு?

பிளாஸ்மாவைச் சத்துநீர் என்று கருதி, “உடம்பு தேற ஒரு பை ஏற்றுங்கள்” எனக் கேட்போர் உளர். அது பிழை. புரதக் குறைவுக்கோ, நீரிழப்புக்கோ, பொதுச் சோர்வுக்கோ பிளாஸ்மா மருந்தாகாது. உறைதற்காரணிகள் பல ஒருங்கே குறைந்து குருதி கசியும்போதும், பேரளவில் குருதி இழந்து பல பைகள் ஏற்றும்போதுமே அது தேவைப்படுகிறது. மகப்பேற்றின்போது கட்டுக்கடங்காது குருதி வெளியேறும் தாய்க்கு, சிவப்பணுவோடு பிளாஸ்மாவும் ஃபைப்ரினோஜனும் உரிய நேரத்தில் கிடைத்தால் ஒரு குடும்பமே காக்கப்படுகிறது.

பிளாஸ்மாவை மெல்ல உருக வைக்கும்போது அடியில் தங்கும் வெண்படிவுக்குக் கிரையோபிரெசிபிடேட் என்று பெயர். 1960களின் நடுவில் அமெரிக்க அறிவியலாளர் ஜூடித் பூல் இதனைக் கண்டறிந்தார். குருதி உறையாமை நோயாகிய ஹீமோஃபீலியாவின் ‘ஏ’ வகையில் எட்டாம் காரணி குறைவு. அக்காரணி இப்படிவில் செறிந்துள்ளது. தாயின் வழியே பெரும்பாலும் ஆண்மக்களைத் தாக்கும் இந்நோயில், சிறு வீழ்ச்சியும் முழங்காலுக்குள் குருதி தேங்கச் செய்யும். இன்று தூய்மையாக்கப்பட்ட காரணி மருந்துகள் வந்துவிட்டன. அவை கிட்டாத இடத்தில் இப்படிவு இன்றும் கைகொடுக்கிறது. ஒன்பதாம் காரணி குறைந்த ‘பி’ வகையினர்க்கோ இது பயன்படாது. பெயர் ஒன்றாயினும் மருந்து வேறு என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஏற்றுவதோடன்றி, நோயாளியின் பிளாஸ்மாவை வெளியேற்றி வேறொன்றை நிரப்பும் முறையும் உண்டு; அது பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை எனப்படும். கை கால்கள் திடீரெனத் தளர்ந்து, மூச்சுத்தசையும் முடங்கும் குய்யன்–பாரே நோயில், நரம்பைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இம்முறையால் அகற்றப்படுகின்றன. டி.டி.பி. எனச் சுருங்க அழைக்கப்படும் அரிய நோய் ஒன்றில், சிறு குழாய்களில் நுண்கட்டிகள் அடைத்துத் தட்டணுக்கள் பெருமளவில் செலவழிகின்றன. முன்னாளில் இந்நோயுற்றோருள் பத்தில் ஒன்பது பேர் இறந்தனர். பிளாஸ்மா மாற்றம் வழக்கத்திற்கு வந்தபின் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். இந்நோயில் தட்டணு எண்ணிக்கை மிகத் தாழ்ந்திருக்கும். ஆயினும் உயிருக்கு ஊறு செய்யும் கசிவு இருந்தாலன்றித் தட்டணு ஏற்றுவதை மருத்துவர் தவிர்ப்பர். எண் குறைந்தது தட்டணு, மருந்தாவதோ பிளாஸ்மா. எண்ணை மட்டும் பார்த்து மருந்து கேட்பது தகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

குதிரை தரும் பிளாஸ்மா

வயல்சூழ்ந்த நம் வட்டாரத்தில் பாம்புக்கடி இன்றும் உயிர்ப்பிரச்சினையே. கண்ணாடி விரியனின் நஞ்சு குருதியின் உறைதற்காரணிகளை வீணே செலவழித்துத் தீர்த்துவிடுகிறது. மருத்துவர் செய்யும் சோதனை எளியது. சிறிது குருதியைத் தூய உலர்ந்த கண்ணாடிக் குழாயிலிட்டு 20 நிமிடம் அசையாது வைத்துப் பின் சாய்த்துப் பார்ப்பர். உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறியுள்ளது என்பது பொருள்.

உறைதற்காரணி தீர்ந்தது என்றால் பிளாஸ்மா ஏற்றினால் போதாதோ என்று தோன்றலாம். நஞ்சு உள்ளே இருக்கும்வரை, ஏற்றிய காரணிகளையும் அது தின்றுவிடும். முதலில் வேண்டியது நச்சுமுறிவு மருந்து. அதுவும் ஒருவகைப் பிளாஸ்மா மருந்தே. சிறிது சிறிதாக நஞ்சு செலுத்தப்பட்ட குதிரையின் பிளாஸ்மாவில் உருவாகும் எதிர்ப்பொருள்களைப் பிரித்தே அதனைச் செய்கின்றனர். 1890களில் பிரெஞ்சு அறிஞர் ஆல்பர் கால்மெட் இத்துறையில் முன்னோடியாக விளங்கினார். அவர் சைகோனில் பணியாற்றியபோது கண்ட நாகப்பாம்புக் கடிகளே அவரை இவ்வாராய்ச்சிக்கு உந்தின.

இம்மருந்துக்கு வேண்டிய நஞ்சைத் திரட்டித் தருவோர் நம் அண்டையர். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னை செல்வோர் கடக்கும் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்கிவருகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சும் அங்கு எடுக்கப்படுகிறது. இருளர் குடியினரான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பள்ளிப்படிப்பு எட்டாத மக்களின் கைத்திறன் மருத்துவமனைப் படுக்கைவரை வந்து உயிர் காக்கிறது என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

கொரோனாக் காலத்துப் பாடம்

2020இல் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது, நோயிலிருந்து மீண்டோரின் பிளாஸ்மாவை நோயுற்றோர்க்கு ஏற்றும் முறை பெருநம்பிக்கையைத் தந்தது. எதிர்ப்பொருள் உள்ள பிளாஸ்மா நோயை வெல்லும் என்பது ஏற்கத்தக்க எண்ணமே. டெல்லி முதலிய நகரங்களில் பிளாஸ்மா வங்கிகள் தோன்றின. குடும்பங்கள் கொடையாளரைத் தேடி இரவு பகலாக அலைந்தன.

அதே ஆண்டு ஏப்ரல் முதல் சூலை வரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தியது. பிளாஸ்மா பெற்றோருள் 19 விழுக்காட்டினர்க்கு நோய் முற்றியது அல்லது இறப்பு நேர்ந்தது. பெறாதோருள் இது 18 விழுக்காடு. வேறுபாடு இல்லை என்பதே முடிவு. பின்னர் பிரிட்டனில் 11,000க்கு மேற்பட்டோரிடம் நடந்த பேராய்வும் அதனையே உறுதி செய்தது. 2021 மே மாதத்தில் நம் நாட்டுச் சிகிச்சை நெறியிலிருந்து இம்முறை நீக்கப்பட்டது. நம்பிக்கை எத்துணைப் பெரிதாயினும் அதனைச் சோதித்து அறிய வேண்டும். தவறெனத் தெரிந்தபின் கைவிடவும் வேண்டும். இவ்விரண்டையும் நம் நாட்டு ஆய்வாளர் செய்தனர் என்பது பெருமைக்குரியது.

இன்று விளம்பரங்களில் மிகுதியாகக் காணப்படும் ‘பி.ஆர்.பி.’ சிகிச்சைக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். நோயாளியின் குருதியையே எடுத்து, தட்டணு செறிந்த பிளாஸ்மாவாக்கி, அவர் மூட்டிலோ தலைத்தோலிலோ செலுத்துவது இம்முறை. ஆறாப்புண், முடியுதிர்தல் முதலியவற்றில் சில பயன்கள் கூறப்படுகின்றன. ஆயின் முழங்கால் தேய்வுக்கு ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், வெறும் உப்புநீரைச் செலுத்தியதைக் காட்டிலும் இது குறிப்பிடத்தக்க நன்மை தரவில்லை. பெருந்தொகை செலவிடுமுன், “என் நோய்க்கு இதனால் பயன் உண்டெனச் சான்று இருக்கிறதா?” என்று கேட்பது ஒவ்வொருவர்க்கும் உரிமை.

கொடுப்போர் கடமை

இம்மருந்துகள் எவையும் ஆலையில் மட்டும் விளைவன அல்ல. மனிதர் மனமுவந்து தருவதால் கிடைப்பன. பணத்திற்குக் குருதி விற்கும் வழக்கம் ஒருகாலத்தில் நம் நாட்டில் பரவியிருந்தது. 1986இல் எச்.ஐ.வி. தொற்று நம் நாட்டில் முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டது. அதன்பின் குருதிப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. 1996 சனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, 1998 முதல் பணம்பெற்றுக் குருதி கொடுத்தல் தடைசெய்யப்பட்டது.

குருதி கொடுத்தல் மார்க்கத்தில் ஏற்புடையதா எனப் பெரியோர் சிலர் நம்மிடம் வினவியதுண்டு. 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, குருதி, தோல் போன்று உடலில் தாமே மீண்டும் உருவாகுவனவற்றை ஒருவர் மற்றொருவர்க்கு அளித்தல் ஆகும் என முடிவு செய்துள்ளது. கொடுப்பவர் முழுத்தகுதியோடு உளமார இசைய வேண்டும் என்பது அதன் கருத்து. எனவே ஐயம் கொள்ளத் தேவையில்லை.

18 முதல் 65 வயதுக்குட்பட்ட, 45 கிலோவுக்குக் குறையாத எடையும், 12.5 கிராமுக்குக் குறையாத ஹீமோகுளோபினும் உடைய நலமானவர் குருதி கொடுக்கலாம். ஆடவர் 90 நாள்களுக்கு ஒருமுறையும் மகளிர் 120 நாள்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். இயந்திரவழித் தட்டணுக் கொடைக்கு எடை 50 கிலோவுக்கு மேல் இருத்தல் நன்று. அதற்கு முந்தைய மூன்று நாள்களில் ஆஸ்பிரின் உட்கொண்டிருத்தல் கூடாது. பிளாஸ்மா பொருத்தம் சிவப்பணுப் பொருத்தத்திற்கு நேர்மாறானது என்பதும் அறியத்தக்கது. ‘ஓ’ வகையினரின் சிவப்பணு பலர்க்கும் பொருந்தும். பிளாஸ்மாவிலோ ‘ஏபி’ வகையினருடையதே எல்லோர்க்கும் பொருந்தும்.

முன்னர்க் கூறிய ஐந்து நாள் கணக்கை இங்கு நினைவுகூர்க. கல்லூரி விழாவன்று ஒரே நாளில் இருநூறு மாணவர் குருதி கொடுத்தால் படம் எடுக்க நன்றாயிருக்கும். ஆயின் அன்று பிரித்த தட்டணு, ஆறாம் நாள் வரும் நோயாளிக்கு உதவாது. தொடர் விடுமுறைகளிலும் கோடைக்காலத்திலும் கொடையாளர் குறைகின்றனர். இரத்தப் புற்றுநோய்க்கு விடுமுறை இல்லை. எனவே ஒருநாள் பெருங்கொடையினும், ஆண்டு முழுதும் முறைவைத்துச் சிலர் சிலராகக் கொடுப்பதே பெரும்பயன் தரும். நம் கல்லூரியில் ஒவ்வொரு துறையும் ஒரு திங்களைத் தன் பொறுப்பாக ஏற்று, வகைவாரியாகப் பெயர்ப்பட்டியல் வைத்து, குருதி மையம் கேட்கும்போது அனுப்பலாம். இதற்குப் பொருட்செலவு இல்லை; ஒழுங்கு மட்டுமே வேண்டும்.

நிறைவாக

தொடக்கத்தில் கூறிய இளைஞன் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தான். ஒரு பையும் ஏற்றாமலே அவனுடைய தட்டணு ஏறத் தொடங்கியிருந்தது. அவ்விரவு நம்மோடு வந்த எண்மருள் இருவர் மட்டும் உடனே திரும்பவில்லை. அம்மருத்துவமனையிலேயே இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த, பெயரும் ஊரும் அறியாத ஒருவர்க்குத் தட்டணு தேவை எனக் கேள்வியுற்று, இயந்திரத்தின் அருகே ஒன்றரை மணி நேரம் படுத்திருந்து கொடுத்துவிட்டு வந்தனர். முதலில் சினந்த பாட்டனார், விடியற்காலையில் அவ்விருவர்க்கும் தேநீர் வாங்கிக் கொடுத்து, “தம்பிகளா, என் பேரனுக்கு வேண்டாதது இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு வேண்டியிருந்திருக்கிறது” என்றார். நாம் இக்கட்டுரையில் விரித்துரைத்ததனைத்தும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

மருந்து பற்றிய அதிகாரத்தில் திருவள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துள்ளார். உறவினராகிய நாம் அந்நான்காம் கூறு. எண்ணைக் கண்டு அஞ்சாமல் குறிகளைக் கவனித்தலும், மருத்துவரை வற்புறுத்தாமல் வினவித் தெளிதலும், தேவை நேருமுன்னரே கொடுத்து வைத்தலும் நம் பங்கு. அப்பங்கை நாம் செவ்வனே ஆற்றின், இனி வரும் மழைக்காலங்களில் வேண்டியவர்க்கு வேண்டிய மருந்து வேண்டிய நேரத்தில் கிட்டும்.